தாயக்கட்டையும் கணினித் திரையும் இனயத்துக் கடலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்)



செயலாளர் அண்ணன் எனக்குப் போன் போட்டு, "ஏதாவது தொழில்நுட்பம் பற்றிப் பேசுடே, பிள்ளைகளுக்கு வேலைக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார். நான், "அண்ணே, விளையாட்டைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு அமைதி. (சிரிப்பு) பிறகு, "சரி, இருபது நிமிஷம்" என்றார். ஆகவே இருபது நிமிஷம் உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போகிறேன்.

என் ஊர் இனயம். குளச்சலுக்கும் தேங்காய்பட்டணத்துக்கும் நடுவில் இருக்கிற மீனவ கிராமம். 2009ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தேன். பகலில் பெங்களூரில் இயந்திர வடிவமைப்பு வேலை. இரவிலும் விடுமுறையிலும் கணினியில் படம் வரைகிறேன். அந்தப் படங்கள் ஒருவகை விளையாட்டுக்காக வரையப்படுபவை. கதாபாத்திரமாக மாறி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு.

இது என்ன விளையாட்டு என்று பலருக்குத் தெரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கதை நடத்துபவர். "நீங்கள் ஒரு காட்டு வழியில் போகிறீர்கள், பாலம் இடிந்து கிடக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தன் வீரன், ஒருத்தி வைத்தியர், இன்னொருத்தன் திருடன். "நான் தாண்டுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் பகடை உருளும். எண் கூடினால் தாண்டினான், குறைந்தால் விழுந்தான். விழுந்தாலும் கதை முடியாது, வேறு பக்கம் திரும்பும். ஜெயிப்பு தோல்வி கிடையாது. கதை எங்கே போகும் என்று நடத்துபவருக்கும் முழுசாகத் தெரியாது.

இதன் பிறப்பு ராணுவத்தில். 1824ல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, போர்ப் பயிற்சி தரும் முறை ஒன்றை வெளியிட்டார். நூற்றைம்பது வருஷம் கழித்து, 1974ல், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். படை முழுவதையும் நகர்த்துவதற்குப் பதிலாக, ஒரே ஒரு மனிதனாக நீ இரு என்பதுதான் அவர்கள் செய்த மாற்றம். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் வேலை போன பிறகு வீட்டில் செருப்புத் தைத்துப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். முதலில் அச்சடித்தது ஆயிரம் பெட்டிகள்தான். அதில் இருந்த படங்களைப் பார்த்தால் நம் ரெக்கார்டு நோட்டே மேல் என்று தோன்றும். காமிக்ஸ் புத்தகத்தைப் பார்த்து வரைந்ததும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கோணல் கோடுகளைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை ஓவியர்கள் பென்சிலைக் கையில் எடுத்தார்கள்.

கணினிக்கு இது வர இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளாட்டோ என்று ஒரு கணினிக் கல்வி அமைப்பு இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரை, 512க்கு 512 புள்ளிகள். 1975ல் அங்கே ஒருவர், பாடத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் 'பெடிட்5' என்ற பெயரில் இந்த விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவந்தார். பெயரைப் பார்த்தால் ஏதோ பாடக் கோப்பு மாதிரி இருக்கும். மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்து அழித்துவிட்டார்கள். நம் கம்ப்யூட்டர் லேபில் நடந்த சில சம்பவங்கள் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். நான் யாரையும் பார்க்கவில்லை. (சிரிப்பு) 1980ல் வந்த 'ரோக்' விளையாட்டில் படமே கிடையாது. விசைப்பலகையிலுள்ள எழுத்துகளே சுவரும் கதவும் பேயும். 1990ல் ஃபோட்டோஷாப் வந்தது. இன்றைக்குக் கிரிட்டா போன்ற இலவச மென்பொருளும், ஒரு சாதாரண வரைபலகையும் இருந்தால் போதும், இனயத்திலிருந்தும் வரையலாம்.

இனி என் கதை.

2014ல் பெங்களூரில் அறைத் தோழர்கள் நாலு பேர் சனிக்கிழமை இரவுகளில் இதை ஆட ஆரம்பித்தோம். வரைபடம் வேண்டும், ஆட்களின் முகம் வேண்டும் என்றபோது அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓவியம் வராது. எனக்கு வந்தது, நம் டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டிப் படித்த ஐசோமெட்ரிக் மட்டும்தான். ஆனால் நண்பர்களே, அதுவே போதுமாயிருந்தது. மேலிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரி வீடும் கோட்டையும் வரைய அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே ஒரு வித்தியாசம். நமக்குச் சொல்லித்தந்தது 30 டிகிரி. திரையில் புள்ளி புள்ளியாக வரையும்போது 30 டிகிரிக் கோடு பல்லிளிக்கும். இரண்டு புள்ளி பக்கவாட்டில், ஒரு புள்ளி மேலே என்று ஏறினால் கோடு சீராக வரும். அது கணக்குப்படி 26.57 டிகிரி. "மூணரை டிகிரி பிசகினால் கட்டடம் விழும்" என்று எங்கள் சார் சொல்லுவார். திரையில் அந்த மூணரை டிகிரி பிசகினால்தான் கட்டடம் நிற்கிறது!

இப்படி இரண்டு மூன்று வருஷம் வரைந்தேன். பனிமலை, கற்கோட்டை, நெருப்புக் கக்கும் பறவைநாகம். நான் பிறந்ததிலிருந்து பனியைப் பார்த்ததில்லை. அதைப் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். இந்த மண்டபத்தில் இருக்கிற பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலையோரத்தில் இருந்தவர்களுக்கு ரப்பரும் வாழையும் போயிற்று, நாள் கணக்கில் கரண்டு இல்லை. எங்கள் கடற்கரை ஊர்களில் ஆட்கள் வரவில்லை. எச்சரிக்கை கரையில் சொல்லப்பட்டபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. போனவர்களில் என் மாமாவும் ஒருவர், அம்மாவின் தம்பி. இன்றுவரை வரவில்லை.

அதன் பிறகு நான் வரைந்த முதல் படத்தில் கடல் ஒரு பூதம். வாய் திறந்து, பல்லெல்லாம் அலையாக, கையில் ஒரு வள்ளம். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று நண்பர்கள் பாராட்டினார்கள். லீவில் ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கடல் நமக்குப் பேய் இல்ல மக்கா. அம்பது வருஷம் அதுதான் சோறு போட்டிருக்கு, கேட்டியா? பிறகு இந்த அலை... காத்து இந்தப் பக்கத்துல இருந்து அடிக்கும்போ அலை இப்பிடியா மடங்கும்? நீ கடலப் பாக்காம வரைஞ்சிருக்க."

பரீட்சையில் தோற்றபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. கடற்கரையில் பிறந்தவன், கடலைப் பார்க்காமல் வரைந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அப்பாதான் எனக்கு ஓவிய ஆசிரியர். அவர் கட்டுமரத்தில் தொழில் தொடங்கி, பிறகு ஃபைபர் வள்ளத்துக்கு மாறியவர். படம் வரையத் தெரியாது. ஆனால் பிழை கண்டுபிடிக்கத் தெரியும். முதலில் எனக்குப் புரிந்த விஷயம், எங்கள் ஆட்களுக்குக் கடல் ஒரு வெறும் நீலம் இல்லை என்பது. அடியில் பாறைத் திட்டுகள் உண்டு. எங்கள் ஊரில் 'பார்' என்போம். அங்கேதான் மீன் கூடும். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் நடுக்கடலில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் தெரியும் கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் மலையும் ஒரே நேருக்கு வர வேண்டும். அதேசமயம் வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள் நேருக்கு வர வேண்டும். இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளி! முதல் வருஷ ஜியோமெட்ரி! பள்ளிக்கூடம் முடிக்காத மனுஷர் தலைக்குள் அப்படிப் பத்து நாற்பது வெட்டுப்புள்ளிகள்.

"அப்பா, இதையெல்லாம் ஒரு வரைபடமா வரைஞ்சிருவோம்" என்றேன். விளையாட்டுக்கு வரைபடம்தானே முக்கியம். அவர் யோசித்துவிட்டு, "பேரப் போடு. இடத்தப் போடாத" என்றார். அது அவர் அவருடைய அப்பாவிடம் வாங்கின சொத்து. கண்ட ஆட்கள் வலையைக் கொண்டு போய் அரித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் என் வரைபடத்தில் பார்களின் பெயர்கள் உண்மை, இடங்கள் எல்லாம் வேண்டுமென்றே மாற்றிப் போட்டவை. தவறான வரைபடம் வரைந்து பெருமைப்படுகிற ஒரே இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன். (சிரிப்பு)

ஆனால் பெயர்களாவது இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2016ல் இனயத்தில் ஒரு பெரிய துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எங்கள் மக்கள் எதிர்த்தார்கள். பிறகு அந்தத் திட்டத்துக்குக் கன்னியாகுமரி அருகே கோவளம், மணக்குடிப் பக்கம் இடம் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு வந்தது. அதன் சரி தவறை இந்த மேடையில் பேசவில்லை. அந்த நாட்களில் நான் பார்த்த படங்களில் கரையில் வீடு, ரோடு எல்லாம் இருந்தது. கடல் பக்கம் மட்டும் ஒன்றுமே இல்லாத நீலம். ஒன்றும் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பார்ப்பவனுக்குத் தோன்றும்.

இரண்டாவது, நிறம். நான் கடலுக்கு ஒரே நீலத்தை வைத்து அதையே இருட்டாக்கி வெளிச்சமாக்கி வந்தேன். அப்பா ஆனி ஆடிக் கடலுக்கு ஒரு நிறம் சொன்னார், ஆற்றுவெள்ளம் கலக்கும்போது ஒரு நிறம், இரவில் வலை இழுக்கும்போது தண்ணீரில் பச்சையாக மின்னுகிற வெளிச்சம் ஒன்று. இப்போது என் தட்டில் கடலுக்கு மட்டும் பதினாறு நிறம் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வைப்பதில்லை. நிறம் குறைந்தால் கை ஒழுங்காக யோசிக்கும்.

ஒளியை நான் படித்தது தோல்பாவைக்கூத்தில். நம் மாவட்டத்தில் அந்தக் கலைக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டில் மராத்தி பேசி, மேடையில் தமிழில் ராமாயணம் நடத்துபவர்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உளியால் சின்னச் சின்ன ஓட்டை போடுவார்கள். அந்த ஓட்டை வழியாக வருகிற வெளிச்சம்தான் பாவைக்கு நகையும் கண்ணும். அதைப் பார்த்தபின் இருட்டான படத்தில் வெள்ளை தீட்டுவதை விட்டுவிட்டேன். அடுக்கு அடுக்காக வரைந்து, மேல் அடுக்கில் ஓட்டை போட்டு, கீழ் அடுக்கின் வெளிச்சத்தை விடுகிறேன். இரவுக் கடலில் தூரத்து வள்ளத்தின் விளக்கு அப்படித்தான் வரும். இன்னொன்றும் கவனித்தேன். திரைக்குப் பின்னால் ஒரே ஆள்தான் ராமன், ராவணன், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் எல்லாருக்கும் குரல் கொடுக்கிறார். மேஜை விளையாட்டில் கதை நடத்துபவர் செய்வதும் அதே வேலைதான். அமெரிக்காவில் 1974ல் வந்தது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

மூன்றாவது, பகடை. அந்த விளையாட்டில் இருபது முகப் பகடை உருட்டுவார்கள். எங்கள் வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு இருந்தது. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இன்ஜினியர் ஆயிற்றே, கணக்குப் போட்டேன். மொத்தம் 16 சேர்க்கை. தாயம் விழ 16ல் 2. இரண்டு விழ 3, மூன்று விழ 4, நாலு விழ 3, ஐந்து விழ 2, ஆறு விழ 1, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆக 1. இருபது முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. தாயக்கட்டையில் நடுவில் குவிந்து இரு பக்கமும் குறையும். ஒன்றுமே இல்லாதது விழுந்தால்தான் பெரிய எண். நம் ஆட்கள் இதைத் திண்ணையில் உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள். என் விளையாட்டுக்குத் தாயக்கட்டையே போதும் என்று முடிவு செய்தேன்.

2023 கிறிஸ்துமஸ் விடுமுறை. வீட்டில் அக்கா பிள்ளைகள், மாமாவின் மகன், எல்லாருமாக ஐந்து பேர். வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துத் தரையில் விரித்தேன். நான் கதை நடத்துபவன். "நீங்களும் வாங்கப்பா" என்றதும், "எனக்கெதுக்குடே" என்றவர், பிள்ளைகள் இழுத்ததும் உட்கார்ந்தார்.

கதை இப்படி: காற்று மாறுகிறது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். தூரத்தில் இன்னொரு வள்ளம், எஞ்சின் நின்றுவிட்டது. உங்களிடம் இருக்கிற எண்ணெய் கரை சேரத்தான் காணும். என்ன செய்வீர்கள்?

பிள்ளைகள் ஒரே சத்தம், "போவோம், போவோம்!" அப்பா கையில் தாயக்கட்டை. பேசவில்லை. பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். "நேரா போய் இடிக்கப்படாது. காத்துக்கு மறுபக்கமா போணும். காலிக் கேனுல கயிறக் கெட்டித் தண்ணியில விடு. அது மிதந்து அவன்கிட்ட போவும்." நான் எழுதி வைத்திருந்த விதிகளில் இது எதுவுமே இல்லை. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் கயிறு சேரும் என்றேன். 16ல் 7 வாய்ப்பு. உருட்டினார். மூணு.

மாமாவின் மகன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "இன்னொரு தடவ உருட்டுங்கப்பா" என்றேன், நடத்துபவன் சொல்லக்கூடாத வார்த்தை. அவர், "வேண்டாம். விழுந்தது விழுந்துட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "உங்க மாமன் அன்னைக்கு என்னையும் கூப்பிட்டான். கால்ல புண்ணு, நான் வரலன்னு சொன்னேன்."

ஆறு வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. அம்மா வந்து கதவுப் பக்கம் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தப் பையன், "மாமா, கயிறு சேரலேன்னா நாங்க போகணும்னு இல்லல்லா? ராத்திரி முழுக்க பக்கத்துலயே நிக்கலாம்லா?" என்று கேட்டான். விதியில் அதற்கும் இடமில்லை. நான், "நிக்கலாம்" என்றேன். அவர்கள் அந்த இரவு முழுவதும் நின்றார்கள். பாத்திரங்கள்தான், தாள்தான், தாயக்கட்டைதான். ஆனால் அவர்கள் நின்றார்கள்.

அடுத்த நாள் காலையில் அப்பா என் பக்கத்தில் வந்து, "அவன் வள்ளத்த வரையணும்" என்றார். எனக்கு நிறம் நினைவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. மேலே நீலம், கீழே வெள்ளை, மூக்கில் ஒரு மஞ்சள் கோடு, அதுவும் வலப்பக்கம் கொஞ்சம் கோணல், ஏனென்றால் மாமாவே தீட்டியது. அந்தக் கோணலை மூன்று முறை அழித்து வரையச் சொன்னார். நாலாவது முறை, "ம்" என்றார். பதினெட்டு வருஷம் படித்ததில் நான் வாங்கிய பெரிய மார்க் அதுதான்.

நண்பர்களே, இந்தக் கலை இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். 2022ல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வெளியிட்ட ஒரு கதைத் தொகுப்பில் மிமி மொண்டல் என்ற வங்காளத்து எழுத்தாளர், தன் மண்ணின் ஆறும் வெள்ளமும் வைத்து ஒரு கதை எழுதினார். 2023ல் டொராண்டோவில் இருக்கிற தமிழர் ஒருவர் தலைமையில் வந்த 'வெண்பா' என்ற கணினி விளையாட்டில், இட்லியும் புட்டும்தான் கதை. அதே 2023 தொடக்கத்தில், வீரர்களின் பெரிய எதிர்ப்புக்குப் பிறகு, டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் அடிப்படை விதிகள் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் தரப்பட்டன. இனி யாரும் தன் ஊரை வைத்துச் செய்யலாம்.

"இப்பதான் சொன்னா கணினியே படம் போட்டுத் தருதே, நீ எதுக்கு வரையணும்?" என்று நம்ம ஆட்கள் கேட்கிறார்கள். நானும் முயற்சி பண்ணினேன். 'கட்டுமரம்' என்று கேட்டேன். இரண்டு வயிறு உள்ள வெள்ளைப் பாய்க்கப்பல் ஒன்றை வரைந்து தந்தது, பணக்காரர்கள் ஓட்டுவது. ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்ற சொல் போனதே நம் கட்டுமரத்திலிருந்து. சொல் திரும்பி வந்தபோது மரம் வரவில்லை. அது இயந்திரத்தின் குற்றமில்லை. நாம் வரைந்து வைக்காததை அது எங்கே போய்ப் பார்க்கும்?

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. நம் டிராயிங் ஹால் இப்போது கம்ப்யூட்டர் அறையாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். வருகிற கோடை விடுமுறையில் ஒரு வாரம் அதைத் திறந்து தரச் சொல்லி நிர்வாகத்திடம் நம் சங்கம் கேட்க வேண்டும். நான் லீவு போட்டு வருகிறேன். வருகிற ஒவ்வொரு மாணவனும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவர வேண்டும். ரப்பர் வெட்டுகிறவர், தறி நெய்தவர், வயல் பார்த்தவர், கடலுக்குப் போனவர், யாரானாலும் சரி. பிள்ளைகள் வரையட்டும், பெரியவர்கள் பிழை சொல்லட்டும். என் அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாயக்கட்டையை அவரே கொண்டுவருவார்.